அளவுக்கு வந்த சட்டை

“வீட்டுல தைச்சதா?” என்று உதட்டைச் சுழித்துக் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கடையில் தைத்தால் மட்டும் என்ன, வானத்திலிருந்தா இறங்குகிறது? அங்கேயும் இரண்டு கை, ஒரு மிஷின், ஒரு கத்திரிதான். அந்தக் கை என் கையை விட நல்ல கையாக இருந்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. இதைத் தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். என் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். இதைக் கைப்பட நானே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் அது மூன்றாம் வகுப்பின் குற்றம். தையலில் பிழை இருந்தால் மட்டும் என்னிடம் வாருங்கள்.

அப்பா புதுச்சேரி ஆலையில் தறி ஓட்டினார். வீட்டில் நான்தான் மூத்தவள். பத்து வயதிலிருந்து கடைத்தெருத் தையல்காரர் ஒருவருக்கு வீட்டிலிருந்தபடியே காஜா கட்டிக் கொடுத்தேன். பொத்தான் நுழைகிற ஓட்டையை வெட்டி, சுற்றிலும் நூலை நெருக்கிக் கட்டுவதுதான் காஜா. ஒரு சட்டைக்கு ஏழு, எட்டு. ஆயிரக்கணக்கில் கட்டியிருப்பேன். தையல்காரர் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை, அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், பிற்பாடு அவர்தான் குரு என்று யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள். கையில் வந்த சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். அப்பாவின் பழைய சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைப் பாயில் பரப்பி, மறுபடி கூட்டித் தைத்தேன். முதல் தடவை கை முன்னுக்குப் பின்னாகப் போயிற்று. அப்பா கையைத் தூக்கினால் சட்டை முழுக்க மேலே ஏறியது. நான்காம் தடவை அவர் அதைப் போட்டுக்கொண்டு மாதா கோவில் பூசைக்குப் போனார். பதினெட்டு வயதில் சொந்தக் காசில் ஒரு பழைய மிஷின் வாங்கினேன். எங்கள் தெருவில் சொந்தக் காசில் எதையாவது வாங்கிய முதல் பெண் நான்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று வருடம் இருக்கும், எனக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரன் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து காலமானவர். மாப்பிள்ளையின் அம்மா, இனிமேல் மாமியார் என்றே எழுதுகிறேன், இறந்துபோன புருஷனை “எங்க மிசியே” என்றுதான் சொல்வார், பிரெஞ்சில் துரை என்கிற மாதிரி. அந்த ஒரு சொல்லை வைத்தே தெருவில் பாதிப் பேரை அடக்கி வைத்திருந்தார்.

காபி குடித்து முடித்ததும் மாமியார் என் மிஷினைப் பார்த்தார்.

“பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. அந்த மிஷின் மட்டும் வேணாம். ஊரான் சட்டையெல்லாம் எங்க வீட்டுக் கொடியில தொங்கறதப் பாத்தா, எங்க மிசியே ஆவியே கண்ணீர் வுடும்.”

அம்மா, “அதுக்கென்னங்க, வித்துட்டாப் போச்சு” என்றார். என் அம்மாதான்! நான் எட்டு வருடம் விரல் நுனி தேய்ந்து வாங்கிய மிஷினை, காபி டம்ளரைக் கீழே வைக்கிற நேரத்தில் விற்றுவிட்டார்.

உள்ளே இருந்து நான் குரல் கொடுத்தேன். “மிஷின் இல்லாம நான் வரல.”

அப்பா என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். மாமியார் மட்டும் சிரித்தார். சிரிப்பா அது!

“அப்பிடியா சேதி? சரிம்மா. கோவில்ல மாப்ள போடற சட்ட பொண்ணு வீட்டுச் செலவுதான? அத நீயே தைச்சுக் குடு. என் புள்ளைக்குக் கச்சிதமா பொருந்துச்சுன்னா மிஷினும் வரட்டும். பொருந்தலன்னா வித்துட்டு வந்துரு. என்னா, சம்மதமா?”

“சம்மதம்” என்றேன். எனக்கென்ன பயம்?

எங்களவர்களில் அப்போது ஒரு வழக்கம். மாப்பிள்ளை உடம்பில் டேப் வைத்துப் பெண் வீட்டார் அளவெடுக்க மாட்டார்கள், அது மரியாதை இல்லை என்று. மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவர் போட்டுப் பழகிய சட்டை ஒன்றை வெளுத்து, காகிதத்தில் சுற்றி அனுப்புவார்கள். அதுதான் அளவுச் சட்டை. அதைப் பார்த்துப் புதுச் சட்டை தைக்க வேண்டும். கோவிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஊரறிய அறிவிப்பதுதான் ஓலை. முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலம் அளவுச் சட்டை எங்கள் வீட்டுக்கு வந்தது.

பிரித்துப் பார்த்தேன். சைகோனிலிருந்து கப்பலில் வருகிற துணி! வெள்ளை வெளேரென்று, தொட்டால் வழுக்குகிற மாதிரி. காலர் விறைப்பாக நின்றது. எழுத்தர் சம்பளத்தில் இவ்வளவு நல்ல சட்டையா என்று அம்மா வாயைப் பிளந்தார். எனக்குக் கூட மாப்பிள்ளை மேல் ஒரு மதிப்பு வந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

அளவெடுத்தேன். எங்கள் ஊரில் டேப் அப்போதே சென்டிமீட்டர்தான். கழுத்து நாற்பத்தொன்று. தோள் நாற்பத்தெட்டு. கை நீளம் அறுபத்துமூன்று. ஆள் ஆஜானுபாகு போலிருக்கிறது, சம்பந்தம் பேச வந்தபோது நான் கதவிடுக்கு வழியாகத்தானே பார்த்தேன், உட்கார்ந்திருந்ததால் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பாப்ளின் வாங்கிவந்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, அதற்குப் பிறகுதான் கத்திரி வைத்தேன். இதைச் செய்யாமல் தைத்துவிட்டு, முதல் வெளுப்பில் சட்டை சுருங்கியதும் துணிக்காரனைத் திட்டுகிற தையல்காரர்கள் எத்தனை பேர்! தோள்பட்டையை இரட்டைத் துணியாகப் போட்டேன். காலருக்குள் வைக்கிற கேன்வாஸைத் தையல் கோட்டுக்கு உள்ளாக ஒரு நூல் விட்டு வெட்டினேன், இல்லாவிட்டால் காலர் முனை மொட்டையாக, கொழுக்கட்டை மாதிரி நிற்கும். அக்குள் வளைவை மேலே தூக்கி வைத்தேன். சட்டையின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. அக்குளைத் தாராளமாக வெட்டினால் கை சுலபமாக அசையும் என்று நினைக்கிறான் முட்டாள். வெட்ட வெட்ட, கையைத் தூக்கும்போது சட்டையும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும். அக்குள் உடம்புக்குப் பக்கத்தில் இருந்தால்தான் கை தனியாக, சட்டை தனியாக அசையும். காஜாவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

முடித்து, அளவுச் சட்டையின் மேல் என் சட்டையை வைத்தேன். ஒரு நூல் இங்கேயும் இல்லை, ஒரு நூல் அங்கேயும் இல்லை.

இரண்டாம் ஓலை வாசித்த பிறகு மாப்பிள்ளையும் மாமியாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், போட்டுப் பார்க்க. தெருப் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளை உள்ளறைக்குப் போனார். போனவர் வர நேரமாயிற்று. வந்தார்.

வாசலில் ஒருத்தி, “யாரும்மா இது, சட்ட மட்டும் நடந்து வருது” என்றாள்.

கை விரல் நுனி வரைக்கும் இறங்கியிருந்தது. தோள் தையல் புஜத்தில் சரிந்து கிடந்தது. காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் என் முஷ்டியை விடலாம். அதற்குள்ளிருந்து அவர் தலை, கிணற்றிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றது. அப்போதுதான் நான் அவரை முழுசாகப் பார்க்கிறேன். ஒல்லி. என்னை விட நாலு விரல்தான் உயரம்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னார்: “வூட்டுல தைச்சா இப்பிடித்தான். நான் சொன்னனே.”

அந்தச் சொல்லை நான் சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை. தவறு என்னுடையதாக இருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அளவுச் சட்டையை எடுத்துவந்து பாயில் விரித்தேன். “அதக் கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க” என்றேன். அவர் கழற்றித் தந்தார். இரண்டையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன்.

“பாருங்க அத்தே. நீங்க குடுத்தது இது. நான் தைச்சது இது. எங்க தப்பு?”

மாமியார் குனிந்தே பார்க்கவில்லை. “அவன் இளைச்சுட்டான். கல்யாணக் கவல.”

“ஒரே வாரத்துலயா?”

“கவலன்னா அப்பிடித்தான்.”

“இளைச்சா கழுத்து சின்னதாவும், ஒத்துக்கறேன். கை நீளமுமா குட்டையாப் போவும்?”

வாசலில் மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை என் பக்கம். அப்பா, “ஏய், வாய மூடு” என்றார். மாமியாருக்கு முகம் சிவந்தது.

“எங்க வூட்டுச் சட்டதான் அது! எம்மவன் போடற சட்ட! நான் பொய் சொல்றேன்னா சொல்ற?”

நான் அளவுச் சட்டையின் காலரைத் திருப்பினேன். உள்பக்கம் சலவைக்காரரின் அழியாத மை. எந்த வீட்டுத் துணி எதென்று மாறாமலிருக்க வீட்டுக்கு ஒரு குறி போடுவார்கள் அல்லவா, அது. ஒரு வட்டமும் கீழே இரண்டு கோடும். மாப்பிள்ளை போட்டுவந்த சட்டை உள்ளறைக் கொடியில் தொங்கியது. அதை எடுத்துவந்து திருப்பினேன். மூன்று புள்ளி. வட்டமும் இல்லை, கோடும் இல்லை. அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தக் காலர், முன்பக்கம் நைந்துபோனதால் கழற்றித் திருப்பித் தைத்த காலர். நல்ல சிக்கனமான வேலை. என் அப்பா சட்டைக்கும் நான் அப்படித்தான் செய்வேன்.

எல்லாம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளையின் சட்டைகள் எல்லாமே திருப்பின காலர். அதைப் பெண் வீட்டுக்கு அனுப்பினால் மானம் போய்விடும் என்று யாருடைய நல்ல சட்டையையோ வாங்கி மாமியார் அனுப்பியிருக்கிறார்!

மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு: “அது அடுத்த வூட்டு சொல்தா அண்ணன் சட்ட.”

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சைகோனுக்குப் போய் வந்தவர்.

“வாய மூடுடா!” என்றார் மாமியார்.

இப்போது யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். என் அப்பா எழுந்து, கையைக் கூப்பி, மாமியாரிடம், “சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டா, மனசுல வச்சுக்காதீங்க” என்றார்! ஏழ்மை தப்பா? திருப்பின காலர் தப்பா? அதை அனுப்பியிருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு தைத்திருப்பேன். இரவல் சட்டையை அனுப்பிவிட்டு, என் கையைக் குறை சொன்னார்களே, அதைத்தான் கேட்கிறேன். ஓலை இரண்டு வாசித்தாகிவிட்டது என்பதால் நியாயம் மாறிவிடுமா?

மாமியார் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். “சரி. இன்னொரு தடவ தை. பொருந்துச்சுன்னா சொன்ன சொல்லு சொன்னதுதான், மிஷின் வரட்டும். ஆனா இந்த இரவல் பேச்சு எங்க தெருவுல ஒருத்தர் காதுல வுழக் கூடாது. வுழுந்துச்சு, மிஷின் வாசப்படி தாண்டாது. தெரிஞ்சுதா?”

“அப்ப நானே அளவெடுப்பேன்” என்றேன்.

“என்னாது?”

“டேப் வச்சு. அவுங்க உடம்புல.”

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளையைத் தொடுவதா! நான் யார் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய், “நேரா நில்லுங்க. மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க. எப்பவும் எப்பிடி நிப்பீங்களோ அப்பிடி நில்லுங்க” என்றேன். அவர் நின்றார். பனியனோடு, காது சிவந்து, சிலை மாதிரி. “கையக் கொஞ்சம் மடக்குங்க.” மடக்கினார். கழுத்து முப்பத்தாறு. தோள் நாற்பத்திரண்டு. கை ஐம்பத்தேழு. வலது தோள் இடதை விட ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. எந்த அளவுச் சட்டை இதைச் சொல்லும்? இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் அவர் ஒரு சட்டையும் தைத்தவரில்லை.

வேறு துணி வாங்க அப்பாவிடம் வழியில்லை. இருந்திருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். அதே சட்டை பொருந்த வேண்டும், எனக்கு அந்த வெறி. முழுக்கப் பிரித்தேன். பெரிய சட்டையைச் சின்னதாக்குவது சுலபம் என்று நினைப்பீர்கள். கையும் பக்கமும் சுலபம்தான். கழுத்து அப்படி இல்லை. அகலமாக வெட்டிவிட்ட கழுத்துக்குத் துணியைத் திரும்ப வைக்க முடியாது. ஆகவே முன்துண்டு இரண்டையும் நாலு விரல் கீழே இறக்கி, மேலே புதிதாகக் கழுத்தும் தோளும் வெட்டினேன். நீளம் அந்த அளவுக்குப் போயிற்று. போகட்டும், கால்சட்டைக்குள் போகிற நீளம்தானே. பின்துண்டின் அடியிலிருந்தும் கைத்துண்டில் மிஞ்சியதிலிருந்தும் தோள்பட்டைக்குத் துணி எடுத்தேன். வலது தோளை மட்டும் ஒரு சென்டிமீட்டர் சரித்து வெட்டினேன். கழுத்து இறங்கியதால் ஒரு காஜா தப்பான இடத்தில் நின்றது. அதை நூல் நூலாகக் கோத்து மூடினேன். எங்கே இருந்தது என்று எனக்கே இரண்டாம் நாள் தெரியவில்லை. இன்றைக்குப் பெரிய பெரிய கடைகளில் குளிர்சாதனம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களில் ஒருவரை இதைச் செய்யச் சொல்லுங்கள் பார்ப்போம்.

மூன்றாம் ஓலை வாசித்த அன்று சட்டையை அவர்கள் வீட்டுக்கு அனுப்பினேன். பதில் ஒன்றும் வரவில்லை. கல்யாணத்து அன்று காலை வரைக்கும் வரவில்லை. நான் முக்காடும் பூமுடியுமாகக் கோவிலுக்குள் போனபோது முதலில் பார்த்தது மாப்பிள்ளையின் முகத்தை அல்ல, காலரைத்தான். இரண்டு விரல் நுழைகிற இடைவெளி விட்டு, கழுத்தைச் சுற்றி அப்படியே உட்கார்ந்திருந்தது. கோட்டுக் கைக்கு வெளியே சட்டையின் கை ஒரு விரற்கடை தெரிந்தது, தெரிய வேண்டிய அளவு. மோதிரம் போடக் கையை நீட்டினார். தோளில் ஒரு சுருக்கம் விழவில்லை. சாமியார் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் சொன்னேன்.

விருந்து முடிந்து மாமியார் வீட்டுக்குப் போனோம். பின்னாலேயே சைக்கிள் ரிக்‌ஷாவில் மிஷின் வந்தது. அவர்கள் தெருவே வாசலில் நின்றது. வெக்கை தாங்காமல் மாப்பிள்ளை கோட்டைக் கழற்றினார். ஒரு பெரியவர் கிட்டே வந்து தோளைத் தடவிப் பார்த்து, “யாரு தைச்சது? மெட்ராஸ்லயா குடுத்தீங்க? தோளு அப்பிடியே ஒட்டிக்கினு நிக்குதே” என்றார்.

நான் மாமியாரைப் பார்த்தேன். இப்போது சொல்வார், மருமகள் தைத்தது என்று சொல்வார்.

மாமியார் சொன்னார்: “பொண்ணு வூட்டுலதான் தைச்சாங்க. நாங்க குடுத்த அளவுச் சட்ட அப்பிடி. அளவு சரியா இருந்தா யாரு வேணா தைக்கலாம்.”

எனக்கு வாய் திறந்தேவிட்டது. வட்டமும் இரண்டு கோடும் நாக்கு நுனிக்கு வந்தது. அந்தப் பெரியவருக்கு இரண்டு ஆள் தள்ளி, சட்டைக்குச் சொந்தக்காரரான சொல்தாவே நின்றுகொண்டிருந்தார், மலை மாதிரி. ஒரு விரல் நீட்டினால் போதும். மாமியார் என்னை நேராகப் பார்த்தார். பிறகு ரிக்‌ஷாவில் கயிறு கட்டியிருந்த மிஷினைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்ட ஒரே இடம் அதுதான், அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் வயிறு எரிகிறது. அந்த மிஷினை வைத்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், மூலக்குளத்தில் மாடி வீடு கட்டினேன், பன்னிரண்டு மிஷின் ஓடுகிற கொட்டகை போட்டேன். அன்றைக்குப் பேசியிருந்தால் இதெல்லாம் இருந்திருக்காது, தெரியும். தெரிந்தால் மட்டும் எரிச்சல் அடங்குமா? மாமியார் கடைசி வரைக்கும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையேதான் சொன்னார்.

“உள்ள எடுத்துக்கினு போங்க” என்றார் மாமியார். என் வீட்டுக்காரர், கல்யாணச் சட்டையோடு, முழங்கை வரை கையை மடித்துக்கொண்டு, மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். ரிக்‌ஷாக்காரர் மறுபக்கம். அவ்வளவு எடையைத் தூக்கியும் சட்டை இடுப்பிலிருந்து வெளியே வரவில்லை. அதை என்னைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை. வாசற்படியில் மிஷினின் இரும்புக் கால் இடிக்கப் பார்த்தது.

“பாத்து, பாத்து!” என்று கத்தினேன்.

புகுந்த வீட்டில் நான் பேசிய முதல் பேச்சு அது.